தவிட்டுக்கு வாங்கிய மகள்

1

இந்த மாதத்தோடு நாங்கள் பிரான்சுக்கு வந்து ஐந்து வருடங்கள் ஆகின்றன. அதை முன்னிட்டு, வில்லியனூரில் இருக்கும் என் பாலிடெக்னிக் தோழி கௌசல்யா எனக்கு ஒரு வேலை வைத்தாள்.

"ஒண்ணரைச் சம்பளத்துல ரெண்டு புள்ளைங்கள வெச்சிக்கினு எப்பிடிடி சமாளிக்கிற? அதுவும் போட்டோல எல்லாம் சிரிச்சிக்கினே இருக்குதுங்க. இங்க நாங்க ஃபீஸ் கட்டியே அழுவுறோம். எழுதி அனுப்புடி, நாலு பேர் படிக்கட்டும்."

எழுதுவது எனக்குக் கஷ்டம், பட்டியல் போடுவது சுலபம். நான் படித்தது கெமிக்கல். லியோனுக்கு வெளியே ஒரு சிறு ஊரில் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அரை நாள் வேலை பார்க்கிறேன். அங்கே என் வேலையே பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் அடிப்பதுதான். கணவர் சரவணன் ஒரு கிடங்கில் சரக்கு தூக்கும் வண்டி ஓட்டுகிறார். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். நம் பக்கத்தில் சொல்தா என்று சொல்வோமே, அந்த வழியில் கிடைத்த குடியுரிமையில்தான் நாங்கள் இங்கே வந்தோம். மகள் மதுவுக்கு ஏழு வயது. புதுச்சேரியில் பிறந்து, இரண்டு வயதில் இங்கே வந்தவள். மகன் கவின் இங்கேயே பிறந்தவன். அவனுக்கு மூன்று.

கௌசல்யாவுக்கு எழுதியது இப்படித்தான் ஆரம்பித்தது. துணிக்குச் செலவு செய்யாதே. எங்கள் கட்டடத்தில் மேல்மாடிப் பையன் வளர வளர அவனுடைய சட்டைகள் ஒவ்வொரு மாடியாக இறங்கி வரும். மது போட்டு, கவின் போட்டு, கீழ்த்தளத்து அல்ஜீரியக்காரக் குழந்தை வரை போகும். நூலக அட்டை பிள்ளைகளுக்கு இலவசம். குளிர்காலத்தில் அதுதான் எங்களுக்குச் சினிமாக் கொட்டகை, ஹீட்டர் செலவும் அவர்களுடையது. பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கு வருமானத்தைப் பார்த்துத்தான் கட்டணம் போடுகிறார்கள். அதற்கு வருடாவருடம் ஒரு கட்டுக் காகிதம் தர வேண்டும். சோம்பல்படாமல் கொடுத்துவிட வேண்டும். முடியை வீட்டிலேயே வெட்டிவிடலாம். கவினுக்கு நான் வெட்டும் கிராப்பைப் பார்த்து சரவணன், "எலி கடிச்சா கூட ஒரு ஒழுங்கா கடிக்கும்" என்பார். அதனால் என்ன, முடி வளர்ந்துவிடும். பொம்மைக்குப் பதில் அட்டைப்பெட்டி. கிடங்கிலிருந்து அவர் கொண்டுவரும் பெரிய பெட்டி ஒரு வாரம் கப்பலாக இருக்கும், அடுத்த வாரம் மளிகைக் கடை. அதற்குப் பிறகு கவின் அதன் மேல் ஏறிக் குதித்துவிடுவான்.

கடைசிப் புள்ளியை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. 'நம்மிடம் இல்லை என்பதைப் பிள்ளைகளிடம் ஒளிக்காமல் சொல்லிவிடு. பழகிக்கொள்வார்கள். மதுவெல்லாம் இப்போது கடைக்குப் போனால் எதையும் கேட்பதே இல்லை.'

அதை அனுப்புவதற்குள் பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்துவிட்டது.

2

விஷயம் தொடங்கியது புதுச்சேரிப் பக்கம் செலியமேட்டில்.

என் அண்ணன் குணசேகரன் பாகூர் போகும் வழியில் ஒரு ரைஸ்மில்லில் மோட்டார் பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குக் காலைப் பலகாரம் ஆகும் நேரத்தில் அவருக்கு மதியச் சாப்பாடு முடிந்திருக்கும். மில்லிலிருந்தே வீடியோவில் கூப்பிடுவார். சில மாதங்களுக்கு முன்னால் அப்படி ஒரு ஞாயிறு. மது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அவள் வகுப்புத் தோழி ஒருத்தியிடம் இருக்கும் ஸ்கேட்டிங் சக்கரம் வேண்டுமாம். நான் முடியாது என்று சொல்லி அரை மணி நேரம் ஆகியிருந்தது.

"இன்னாடி மது, மூஞ்சி ஏன் உப்பிக்கினு இருக்கு?" என்றார் அண்ணன்.

"அம்மா வாங்கித் தர மாட்டேங்குது மாமா."

"உங்கம்மாவா? உன்னையே தவுட்டுக்குதான் வாங்குச்சி. உனக்கு அது எங்க வாங்கித் தரப்போவுது?"

"தவுடுன்னா இன்னா?"

அண்ணன் போனைத் திருப்பி மூட்டையைக் காட்டினார். கையை விட்டு ஒரு பிடி அள்ளி, விரலிடுக்கில் வழியவிட்டார். "இதான். மாட்டுக்கு வைப்பாங்க. ஒரு படி குடுத்து உன்ன வாங்குனோம்."

அந்த நேரம் பார்த்துக் களத்தில் நெல் காயவைக்கும் தனம் அக்கா தண்ணீர் குடிக்க உள்ளே வந்தார். அண்ணன் விடுவாரா? "இதோ இவங்ககிட்டதான். தனம், உம் பொண்ணு பேசுது பாரு."

தனம் அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனுக்குள் எட்டிப் பார்த்தார். "கண்ணு, நல்லாருக்கியா? எம்மாம் வளந்துட்ட. ரெண்டு படின்னு பேசிட்டு ஒரு படிதான்டா குடுத்தாரு உங்க மாமா. மூக்கு பாரு, அப்பிடியே எம்மூக்கு."

மில்லில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அடுப்பில் தோசை திருப்பிக்கொண்டிருந்த சரவணனும் சிரித்தார். நானும்தான் சிரித்தேன்.

இதைப் படிக்கும் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. நம் பக்கம் இதைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை யார் இருக்கிறார்கள்? அறுவடை முடிந்த வயலில் வாத்து மேய்க்க வருவார்களே, அவர்களிடம் என்னைத் தவிட்டுக்கு வாங்கியதாகத்தான் எனக்குச் சொன்னார்கள். வாத்துக்காரர்கள் வரும் பருவம் முழுக்க நான் தெருப்பக்கம் போகாமல் இருந்திருக்கிறேன். ஆனால் ஒன்று. நான் அழுத உடனே யாராவது தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வார்கள். பக்கத்து வீட்டு அத்தை, "யாருடி எம் மருமவள அழ வெச்சது" என்று சண்டைக்கு வரும். கேலி செய்தவரே கடலை மிட்டாய் வாங்கித் தருவார். சாயங்காலத்துக்குள் அது கரைந்து போய்விடும்.

இங்கே அண்ணன் "சரி, வேல இருக்கு" என்று போனை வைத்தார். நான் கவினுக்கு தோசை ஊட்டப் போய்விட்டேன். மது தன் அறைக்குப் போனாள். ஸ்கேட்டிங் சக்கரத்தைப் பற்றி அதற்குப் பிறகு அவள் பேசவே இல்லை. நல்ல பிள்ளை, புரிந்துகொண்டது என்று நினைத்தேன்.

3

இங்கே பள்ளிக்கூடமும் வீடும் பேசிக்கொள்வதற்கென்றே பிள்ளையின் பையில் ஒரு நோட்டு இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை அதில் தலைமையாசிரியை கைப்பட எழுதியிருந்தார். மதுவைப் பற்றிப் பேச வேண்டும், வரும் செவ்வாய்க்கிழமை, இயன்றால் இருவரும் வரவும். சரவணனுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. நான் கோப்பு முழுவதையும் எடுத்துக்கொண்டு போனேன். எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாவிட்டால், எல்லாக் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு போவது இந்த ஐந்து வருடத்தில் நான் கற்றுக்கொண்டது.

தலைமையாசிரியை, வகுப்பு ஆசிரியை இருவரும் இருந்தார்கள். வகுப்பில் 'நான் பிறந்த கதை' என்று ஒரு பாடம். பிறந்தபோது எடுத்த படத்தைக் கொண்டுவந்து, பெற்றோர் சொன்ன கதையைப் பிள்ளைகள் சொல்ல வேண்டும். மது படம் கொண்டுவரவில்லை. கதை மட்டும் சொன்னாளாம். இந்தியாவில் ஓர் அரிசி ஆலையில், அங்கே வேலை செய்யும் ஒரு பெண்ணிடமிருந்து, மாட்டுத் தீவனத்தைக் கொடுத்துத் தன்னை வாங்கினார்கள் என்று. பேசியபடி முழுத் தீவனமும் கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறாள்.

என் பிரெஞ்சு வேலைக்கு வந்த பிரெஞ்சு. குளோரின் அளவு, மாதிரி பாட்டில், காலாவதி தேதி இவையெல்லாம் தடங்கல் இல்லாமல் வரும். மில்லில் நடந்த கேலியை எந்த வார்த்தையில் சொல்வது?

"இது எங்கள் ஊர் விளையாட்டுப் பேச்சு. எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்வார்கள்" என்றேன்.

"விலைக்கு வாங்கினோம் என்றா?" என்றார் தலைமையாசிரியை.

"ஆமாம். சிரிப்பதற்காக."

"பிள்ளை சிரிக்குமா?"

"அழும். மற்றவர்கள் சிரிப்பார்கள்."

சொன்ன பிறகுதான் அது எப்படி ஒலிக்கிறது என்று உறைத்தது. தலைமையாசிரியை எதையோ குறித்துக்கொண்டார். பிறகு நிதானமாகக் கேட்டார். "ஆக, உண்மையில் யாரையும் வாங்குவதில்லை, அப்படித்தானே?"

கேட்ட கேள்விக்கு விடுபடாமல் பதில் தருவது என் வேலைப் பழக்கம். "என் மகளை வாங்கவில்லை" என்றேன். "என் அண்ணனைத்தான் வாங்கினார்கள்."

அவர் பேனாவை மேசையில் வைத்தார்.

அதற்குப் பிறகு ஓட்டை பிரெஞ்சில் நான் பேசிய அளவுக்கு வாழ்க்கையில் எப்போதும் பேசியதில்லை. என் அம்மாவுக்கு முதல் இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. மூன்றாவதாக அண்ணன் பிறந்ததும், பக்கத்து வீட்டு அஞ்சலை என்கிற அம்மாளின் கையில் குழந்தையைக் கொடுத்துவிட்டார்கள். பிறகு அவரிடமிருந்து ஒரு முறம் தவிடு கொடுத்து, விலைக்கு வாங்குவதுபோல் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இது அவர்களுடைய பிள்ளை இல்லை, தவிட்டுக்கு வாங்கிய மலிவான பிள்ளை என்று சாவு ஏமாந்து போய்விட வேண்டும். அதற்குத்தான். 'சாவை ஏமாற்ற' என்பதற்கு மட்டும் எனக்குச் சரியான சொல் கிடைத்துவிட்டது.

"இப்போது உங்கள் அண்ணன் நலமா?" என்று கேட்டார் தலைமையாசிரியை.

"நலம். வாய்தான் கொஞ்சம் அதிகம். அதனால்தான் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்."

அவர் சிரித்துவிட்டார். ஆனாலும் காகிதம் வேண்டும் அல்லவா? பிறப்புச் சான்றிதழ், அதன் மொழிபெயர்ப்பு, மொழிபெயர்த்தவரின் முத்திரை என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். சான்றிதழில் என் பெயருக்குப் பின்னால் என் அப்பா பெயர், மகள் பெயருக்குப் பின்னால் அவள் அப்பா பெயர். ஒரே குடும்பத்தில் ஏன் இரண்டு குடும்பப் பெயர் என்று வழக்கமான கேள்வி வந்தது. வழக்கமான பதிலைச் சொன்னேன். நகல் எடுத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான் என்று எழுந்தேன்.

அதுவரை பேசாமல் இருந்த வகுப்பு ஆசிரியை, இளம்பெண், என்னோடு வாசல் வரை வந்தார். "காகிதம் சரி. எனக்கு அதில் சந்தேகமே இல்லை" என்றார். "ஆனால் இன்னொன்று. கலர் பென்சில் கொடுத்தால் மது எப்போதும் உடைந்ததைத்தான் எடுக்கிறாள். சாப்பாட்டில் இரண்டாம் முறை ரொட்டி வேண்டுமா என்றால் வேண்டாம் என்கிறாள், பசித்தாலும். கூச்சம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று ஏன் என்று கேட்டேன். 'நான் விலை குறைந்தவள்' என்றாள். எனக்கு அது புரியவில்லை. இப்போது புரிகிறது."

பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு பூங்கா இருக்கிறது. அதில் போய் உட்கார்ந்தேன். கடையில் அவள் எதையும் கேட்காமல் என் பக்கத்தில் நடந்து வந்த ஒவ்வொரு தடவையும் எனக்கு ஞாபகம் வந்தது. ஒவ்வொரு தடவையும் நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

4

அன்று மாலை சரவணன் வந்ததும் சொன்னேன். அவர் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் மதுவின் கட்டிலில் போய் உட்கார்ந்தார். நானும் போனேன்.

"மது, மாமா சொன்னது சும்மா விளையாட்டுக்குடி" என்றேன்.

"தெரியும்." மிகச் சீக்கிரம் வந்த பதில்.

"தெரிஞ்சா ஏன் டீச்சர்கிட்ட அப்பிடிச் சொன்ன?"

மது மனசுக்குக் கனமான எதையும் தமிழில் சொல்வதில்லை. சட்டென்று பிரெஞ்சுக்குப் போய்விடுவாள். நான் பின்னாலேயே ஓடிப் பிடிக்க வேண்டும். "தம்பி பிறந்த படம் இருக்கிறது" என்றாள் பிரெஞ்சில். "ஆஸ்பத்திரியில் நீ பச்சை அங்கி போட்டிருக்கிறாய். அப்பா தலையில் பிளாஸ்டிக் தொப்பி. என்னுடைய படம் எங்கே?"

எங்களிடம் இல்லை. அவள் பிறந்த அன்று யாரும் படம் எடுக்கவில்லை. எங்களிடம் இருப்பதில் மிகப் பழைய படத்தில் அவள் உட்காரப் பழகிவிட்டாள். அதைச் சொன்னேன். அவள் தலையசைத்தாள். இந்தப் பதிலைத்தான் எதிர்பார்த்தேன் என்பதுபோல.

"அந்த அம்மாவுக்கு என் மூக்கு" என்றாள். பிறகு என்னைப் பார்க்காமல், போர்வை நூலைப் பிய்த்துக்கொண்டே, இப்போது தமிழில்: "ரொம்ப செலவாச்சின்னா திருப்பிக் குடுத்துடுவீங்களா?"

சரவணனுக்குப் பதற்றம் வந்தால் வாயில் கேலிதான் வரும். "இங்க தவுட்டுக்கு நான் எங்க போவேன், திருப்பிக் குடுக்க..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அவள் மடியில் இருந்தாள், ஆனால் கனமில்லாமல் இருந்தாள். பஸ்ஸில் முன்பின் தெரியாதவர் மடியில் உட்காரவைத்தால் பிள்ளைகள் உடம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்காருமே, அப்படி.

நான் பிறப்புச் சான்றிதழை எடுத்துவந்து காட்டினேன். மொழிபெயர்ப்பை அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். அம்மா பெயர், அப்பா பெயர், பிறந்த இடம். "நல்லா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தாள். "ஆனா, வாங்கினதுக்கு அப்புறம் எழுதி இருக்கலாம் இல்ல?"

நானும் என் பரிசோதனைக் கூடத்தில் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

5

மறுநாள் புதன், இங்கே பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை. காலையிலேயே அண்ணனைக் கூப்பிட்டேன். மதுவைப் பக்கத்து அறையில் விட்டுவிட்டு முதலில் நான் பேசினேன். பின்னால் மில் இரைச்சல் கேட்டது. பிறகு மோட்டாரை நிறுத்தினார் போலிருக்கிறது, அது நின்றது.

"கொழந்தையா சாப்பாடு வாணாம்னு சொல்லுச்சி?" என்றார்.

"ஆமாண்ணா."

"போன அதுங்கிட்ட குடு செல்வி."

மது வந்து உட்கார்ந்தாள். அண்ணன் திரையில் முகத்தை மிக அருகில் வைத்துக்கொண்டிருந்தார், மூக்கும் மீசையும் மட்டும் தெரிந்தன.

"மாமா தப்பா பேசிட்டேன்டி. உன்ன யாரும் வாங்கல."

"அந்த அம்மாவக் கூப்புடு" என்றாள் மது.

தனம் அக்கா களத்திலிருந்து வர நேரமாயிற்று. கையில் நெல் தள்ளும் பலகையோடு வந்தார். அண்ணன் வழியில் சொல்லியிருக்க வேண்டும், சிரிப்பில்லாமல் வந்தார்.

"நீங்க என்ன வித்தீங்களா?" என்று கேட்டாள் மது.

"நானா? எனக்குப் பொட்டப்புள்ளையே இல்லடா கண்ணு. ரெண்டும் தடிப்பசங்க. உன்ன மாதிரி ஒண்ணு எனக்குப் பொறந்திருந்தா, எவன் தவுடு தூக்கிக்கினு வந்தாலும் தொடப்பத்தாலயே சாத்தித் தொரத்தியிருப்பேன். உங்க மாமனையும் சேத்து."

"மூக்கு?"

"மூக்கு எல்லாருக்கும் இருக்குதுடா. உனக்கு உங்க அம்மா மூக்கு. எடுப்பா இருக்கு. எம்மூக்கு பாரு, எங்க வூட்டு ஆடு மிதிச்ச மூக்கு."

மது தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என் மூக்கைப் பார்த்தாள்.

அண்ணன் போனை வாங்கிக்கொண்டார். "தவுட்டுக்கு வாங்குன ஆள நெஜமா பாக்கணும்னா என்னப் பாரு." அஞ்சலை வீட்டுக் கதையை அவர் மொழியில் சொன்னார். நான் பள்ளியில் திக்கித் திணறிச் சொன்னதை அவர் இரண்டே நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டார்.

"அப்புறம் உன்னத் திருப்பிக் குடுக்கலியா?" என்றாள் மது.

"குடுக்கறதா? கீழ வுட்டாதானே குடுக்கறதுக்கு? வெயில்ல போவாத, தண்ணியில எறங்காத, மரத்துல ஏறாத. ஒரு தும்மல் போட்டா தெருவே வந்து நிக்கும். வூட்ல ஒரே ஒரு முட்ட இருந்தா அது எனக்குதான். உங்கம்மா சுவரோரமா நின்னு பாத்துக்கினே இருக்கும்."

"பாத்துக்கினேதான் இருந்தேன்" என்றேன் நான்.

மது யோசித்தாள். "அப்போ வாங்கின புள்ளைக்குதான் முட்டையா?"

"ஆமாடி."

"என்ன வாங்கலியா?" இந்த முறை அவள் குரலில் ஏமாற்றம் இருந்தது. அண்ணன் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை நான் பார்த்தேன். அடக்கிவிட்டார்.

"வாங்கல. நீ பொறந்தவ. நான் சாட்சி. உங்கப்பன் இட்லி வாங்கப் போயிட்டான். நர்ஸம்மா கதவத் தொறந்து, யாரு இருக்கீங்கன்னு கேட்டாங்க. நான்தான் இருந்தேன். துணியில சுத்தி என் கையில குடுத்தாங்க. குடுத்த ஒடனே சட்டையெல்லாம் ஈரம் பண்ணிட்ட. அது கல்யாணத்துக்கு எடுத்த சட்ட. உங்க மாமி இன்னும் சொல்லிக் காட்டும்."

"அப்போ ஏன் நீ போட்டோ எடுக்கல?"

அண்ணன் போனை எதன் மேலோ சாய்த்து வைத்துவிட்டு, கொஞ்சம் பின்னால் நகர்ந்து, இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்திக் காட்டினார். மோட்டார் எண்ணெய் படிந்த கைகள். "ரெண்டு கையாலயும் உன்னப் புடிச்சிக்கினு இருந்தேன்டி" என்றார். "எந்தக் கையால எடுப்பேன்?"

மது அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன்.

6

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. அந்த வாரமும் அடுத்த வாரமும் அவள், எதைப் பங்கிட்டாலும் பெரிய துண்டைத் தம்பிக்குத் தள்ளினாள். நான் திருப்பி அவள் தட்டில் வைத்தேன். கேலி பேசுவதை நாங்கள் நிறுத்தவில்லை. அது இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் யாருக்கும் பேசத் தெரியாது. ஆனால் கேலி பேசினால், அவள் சிரிக்கும் வரைக்கும் அந்த இடத்தைவிட்டு எழுந்து போகக் கூடாது என்று சரவணனும் நானும் பேசிக்கொண்டோம். ஊரில் அத்தை, சித்தி, பக்கத்து வீடு என்று அத்தனை பேர் பார்த்துக்கொண்ட வேலை அது. இங்கே நாங்கள் இரண்டு பேர்தான்.

சிக்கனத்தைப் பற்றியும் யோசித்தேன். வாங்கித் தர முடியாது என்று சொல்வது வேறு, கேட்கவே கூடாது என்று ஒரு பிள்ளை நினைத்துக்கொள்வது வேறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. வீடு அமைதியாக இருக்கிறது, பை காலியாக வருகிறது. எது எது என்று தெரிந்துகொள்ள எந்தப் பரிசோதனையும் எனக்குத் தெரியவில்லை. காத்திருக்க மட்டும்தான் முடிந்தது. கௌசல்யா இரண்டு முறை, "எங்கடி, எழுதறேன்னு சொன்ன?" என்று கேட்டாள்.

சென்ற சனிக்கிழமை சோப்பு வாங்கக் கடைக்குப் போனோம். சரவணன் கவினோடு வீட்டில் இருந்தார். மழை வரும் பருவம் என்பதால் வாசலிலேயே பிள்ளைகளுக்கான ரப்பர் பூட்ஸ்களை அடுக்கி வைத்திருந்தார்கள். மது ஒரு மஞ்சள் ஜோடியின் முன்னால் நின்றாள். முனையில் தவளைக் கண்கள் வைத்தவை. நான் நாலடி போய்விட்டுத் திரும்பிப் பார்த்தேன்.

"அம்மா, எனக்கு இது வேணும்."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் சொன்னாள். விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். மாதக் கடைசி. அவளுக்கு ஏற்கெனவே மேல்மாடிப் பையனின் பூட்ஸ் இருக்கிறது, ஓட்டையில்லாமல், அளவாக. வாங்கிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. எத்தனை மாதத்துக்குப் பிறகு கேட்கிறாள். ஆனால் அது பூட்ஸுக்காக வாங்குவதாக இருக்காது. எனக்காக வாங்குவதாக இருக்கும். அடுத்த மாதம் நான் மறுபடி இல்லை என்று சொல்லத்தான் வேண்டும். அப்போது அவள் என்ன நினைத்துக்கொள்வாள்?

"இல்ல மது. உனக்கு இருக்கற பூட்ஸ் நல்லாதான் இருக்கு."

சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். சரி என்று தலையசைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நடக்க ஆரம்பித்துவிடுவாளோ என்று.

"அது பழுப்பு" என்றாள். "அசிங்கமா இருக்கு. பையன் பூட்ஸ்."

"ஆமா."

"உள்ள நாத்தம் வருது."

"வெயில்ல வெச்சா போயிடும்."

"இங்க வெயிலே இல்ல." குரல் ஏறிவிட்டது. "எனக்கு இதான் வேணும். இதான் வேணும்." பூட்ஸ் அடுக்குக்குக் கீழே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வண்டி தள்ளிக்கொண்டு வந்த ஒருவர் சுற்றிக்கொண்டு போனார். ஒரு அம்மாள் என்னைப் பார்த்துப் பரிவாகத் தலையாட்டினாள். மது அழுதாள், மூக்கு ஒழுக, சத்தமாக, தமிழில். "நீ மோசமான அம்மா."

"சரி. எழுந்திரு, போலாம்."

"மோசமான அம்மா."

சோப்பை மறந்துவிட்டு வெளியே வந்தோம். அவள் என் கையைப் பிடிக்கவில்லை. பத்தடி முன்னால் போனாள், காலைத் தரையில் உதைத்து உதைத்து. நான் ஏதோ சொன்னதற்குத் தோளைக் குலுக்கினாள். தூறல் விழ ஆரம்பித்திருந்தது. பின்னாலேயே நான் நடந்தேன். என்னை யாராவது பார்த்திருந்தால், அழுகிற பிள்ளைக்குப் பின்னால் இவள் ஏன் சிரித்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

பெரிய சாலையின் சிக்னல் வந்தது. சிவப்பு. மது நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை, இன்னும் கோபம். முன்னால் போகும் வண்டிகளையே பார்த்துக்கொண்டு, ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டினாள், நான் அங்கே இருப்பேன் என்று.